ஓநாய்க் கூட்டங்கள்: கேள்வி பதில்

கவிதா: ஓநாய்க் கூட்டத்தில் 'ஆல்ஃபா' சண்டை போட்டுத்தான் தலைவனாகிறதா?

இல்லை. காட்டில் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்தான்: அப்பா, அம்மா, ஓரிரு ஈற்றில் பிறந்த பிள்ளைகள். 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பிய எண்ணம் அது. அதைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் என்பவரே 1999இல் மறுத்து எழுதினார்.

முருகேசன்: வேட்டைக்காரர் இல்லாத இடத்தில் ஓநாய் பெருகிக்கொண்டே போகாதா?

போகாது. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவில் ஓநாயை யாரும் வேட்டையாடுவதில்லை. 1958 முதல் அங்கே ஓநாயையும் மூஸ் மானையும் எண்ணிவருகிறார்கள். 1980இல் 50 ஓநாய்கள், 1982இல் 14. காரணம் பார்வோ வைரஸ். நாய் மூலம் வந்ததாகவே கருதுகிறார்கள். ஓநாய் இருக்கும் இடத்துக்கு நாயைக் கூட்டிப்போகவே கூடாது.

வைரஸ் அடங்கிய பிறகும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. எல்லாம் நெருங்கிய சொந்தத்துக்குள் பிறந்தவை. 1997இல் உறைந்த ஏரியைக் கடந்து ஓர் ஆண் ஓநாய் வந்தது. சில ஆண்டுகள் தெம்பு. பிறகு எங்கும் அதன் வாரிசுகளே. கடைசியில் மிஞ்சியவை தகப்பனும் மகளும். மூஸ் 2,000ஐத் தொட்டது. 2018, 2019இல் 19 ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

செல்வம்: அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய் வந்து ஆறே மாறியதாமே?

ஓநாய் வந்ததும் எல்க் மான் குறைந்து, அது மேய்ந்த வில்லோ மரம் வளர்ந்து, கரை உறுதியாகி ஆறே மாறியது என்பார்கள். அழகான கதை, பாதிதான் உண்மை. 1995, 96இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் வந்தன. எல்க் மான் குறைந்தது நிஜம். அதில் கரடிக்கும் பூமாவுக்கும் பூங்காவுக்கு வெளியே நடந்த வேட்டைக்கும் பங்குண்டு.

செல்வம்: வில்லோ மரம் வளர்ந்ததைப் படமே எடுத்திருக்கிறார்களே!

சில இடங்களில் வளர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஓநாய் இல்லாத காலத்தில் ஓடையில் அணைகட்டும் பீவர் என்ற கொறிவிலங்கும் அந்த ஓடைகளை விட்டுப் போய்விட்டது. ஓடை ஆழமாக அரித்து, நிலத்தடி நீர் இறங்கியது. வேலிபோட்டு மேய்ச்சலைத் தடுத்த இடத்திலும், நீர்மட்டத்தை உயர்த்தாமல் வில்லோ நன்றாக எழவில்லை. 20 ஆண்டுச் சோதனை இது.

செல்வம்: அப்படியானால் ஓநாயைக் கொண்டுவந்தது வீணா?

வீணே அல்ல! அழித்துவிட்டு 70 ஆண்டு கழித்துத் திருப்பி விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதுதான் ஆபத்து. இங்கே இந்தியாவில் இருக்கும் ஓநாயை, தரிசு என்று எழுதிவைத்த புல்வெளியோடு சேர்த்து இழந்துகொண்டிருக்கிறோம்.

தினேஷ்: ஆல்ஃபா ஆண் எப்படி...

முதல் பதிலைப் படியுங்கள்.

ரேவதி: முதுமலையில் செந்நிறக் கூட்டம் பார்த்தேன். ஓநாயா?

செந்நாய். அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

பாலா: சோலாப்பூர் பக்கம் ஓநாய் பார்க்கப் போகிறோம். எங்கள் நாயும் வரலாமா?

வேண்டாம். மேலே சொன்ன நோய் ஒன்று. புனே பக்கப் புல்வெளியில் நாய்–ஓநாய் கலப்பு மரபணுச் சோதனையிலேயே உறுதியாகியிருக்கிறது. நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.