சமாதான ஆலயம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக போலந்து வந்த இடத்தில் ஷ்விட்னிட்சா ஊரின் சமாதான ஆலயத்துக்குப் போனேன். வெளியே இருந்து பார்த்தால் தானியக் கிடங்கு. உள்ளே எங்கு திரும்பினாலும் தங்கமும் தேவதூதர்களும். நாங்கள் நான்கு தலைமுறையாக லுத்தரன், மார்ட்டின் லூத்தர் வழி வந்த புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு சிலுவை, ஒரு மேசை, அவ்வளவுதான். லூத்தர் எதிர்த்த படங்களையும் ஆடம்பரத்தையும் அவர் வழி வந்தவர்களே செய்தது கத்தோலிக்கர்களோடு போட்டி போடத்தானே? இதைப் பற்றி நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்ததும் போன வருடம் தவறிய அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

அம்மாவைப் பற்றிய அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். இந்த ஆலயமும் சில மாதங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போட்டி என்ற பேச்சை விடுங்கள், அதை வைத்து எதுவும் விளங்காது. ஆனால் லூத்தர் படங்களை எதிர்த்தார் என்று நான்கு தலைமுறை லுத்தரன் ஒருவர் எழுதலாமா? 1522 மார்ச்சில், தன் ஊரான விட்டன்பெர்க்கின் கோயில்களில் இருந்த படங்களை உடைக்கக் கிளம்பியவர்களைத் தடுக்கத்தான் அவர், தான் ஒளிந்திருந்த வார்ட்பர்க் கோட்டையிலிருந்து திரும்பி வந்தார். எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். படம் கட்டாயமும் இல்லை, குற்றமும் இல்லை, அதைக் கும்பிடுவதுதான் தவறு என்பது அவர் வாதம். கோயில்களைத் துடைத்துவைத்தாற்போல ஆக்கியது இன்னொரு சீர்திருத்தக்காரரான ஸ்விங்லியின் சூரிச்.

எனக்குக் கோபம் வந்தது 'ஆடம்பரம்' என்ற சொல்லில். அந்தக் கிடங்கு ஏன் கிடங்கு மாதிரி இருக்கிறது என்று யாரையாவது கேட்டீர்களா? கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்ட்களுக்கும் நடந்த முப்பதாண்டுப் போர் 1648இல் சமாதானமாகி முடிந்தபோது, இந்த ஊர் இருக்கும் சைலீசியாவில் கத்தோலிக்கப் பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்டின் நேரடி ஆட்சியில் இருந்த லுத்தரன்களுக்கு மூன்றே மூன்று கோயில்கள் கட்ட அனுமதி கிடைத்தது. இருந்த பழைய கோயில்களெல்லாம் பறிபோயின. புதியதை மதிலுக்கு வெளியே, பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் கட்ட வேண்டும். கல் கூடாது, செங்கல் கூடாது. மரம், களிமண், வைக்கோல் மட்டும். கோபுரமும் மணியும் கூடாது. ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும். சீக்கிரம் உளுத்துப்போகட்டும் என்பதற்காகவே போட்ட நிபந்தனைகள். அதன்படியே 1656இல் அடிக்கல் நாட்டி 1657இல் முதல் ஆராதனை நடத்திவிட்டார்கள். வரைந்து கொடுத்த ஆல்ப்ரெக்ட் ஃபான் ஸேபிஷ் கோட்டை கட்டும் பொறியாளர். சுற்றுவட்டார ஜனமெல்லாம் இங்கேதான் வர வேண்டும், அத்தனை பேருக்கும் பிரசங்கம் காதில் விழவும் வேண்டும். அதற்காகத்தான் மாடத்தின் மேல் மாடமாக அடுக்கினார். 7,500 பேர் கொள்ளும் என்று கணக்கு.

நீங்கள் ஒரே பார்வையில் பார்த்த தங்கம் ஒரே நாளில் வந்ததில்லை. பெரிய ஆர்கன் 1660களில். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை வரைந்த விதான ஓவியங்கள் 1690களில். கட்டுமானத்துக்கு மரம் கொடுத்த ஹோக்பெர்க் குடும்பத்துக்கு நன்றியாக அவர்களுக்கென்று ஒரு மாடம், 1698இல். பிரசங்க பீடம் 1729. பலிபீடம் 1752. இது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த நூறு வருடச் சேமிப்பு. மன்னர் கஜானாவிலிருந்து வந்த பணமில்லை. வியாபாரிகள், கைவினைச் சங்கங்கள், பிரபுக் குடும்பங்கள் என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்கைக் கொடுத்து, தங்கள் மாடத்தில் தங்கள் சின்னத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். நம் கோயில் மின்விசிறி இறக்கையில் 'உபயம்' என்று பேர் எழுதுவார்களே, அதேதான். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இடிந்து போகட்டும் என்று விட்ட ஒரு கொட்டகையில் தன் பேரை எழுதிவைக்க ஒருவனுக்கு எத்தனை நம்பிக்கை வேண்டும்!

அப்புறம் பெஞ்சமின் ஷ்மோல்க். 1702 முதல் 1737இல் சாகும்வரை இங்கே போதகர். நிறையப் பாட்டு எழுதியவர். துணைக்கு இரண்டே போதகர்கள், பார்க்க வேண்டியது 36 கிராமம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் சபையாருக்குத் திருவிருந்து கொடுக்கப் போகக்கூட கத்தோலிக்கக் குருவிடம் அனுமதி கேட்க வேண்டும். புதுப் பிரசங்க பீடம் வந்த அடுத்த வருடம் பக்கவாதம் தாக்கியது. பிறகு கண்ணும் போனது. அந்த மனிதர் நின்ற பீடத்தைப் படம் எடுத்து 'ஓவர் டெக்கரேஷன்' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். அதை அழித்துவிடுங்கள்.

1945க்குப் பிறகு ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஊர் போலந்துக்குப் போனது. இன்று அங்கே இருப்பது சிறிய போலிஷ் லுத்தரன் சபை. 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சின்னங்களை விட்டுப்போனவர்களோடு எந்த உறவும் இல்லாதவர்கள்தான் இன்று அவற்றைத் தூசி தட்டி வைத்திருக்கிறார்கள். இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

அம்மா ஞாபகம் ஏன் வந்தது என்று நான் எப்படிச் சொல்ல? வந்ததே, அது போதும். அங்கே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம் நீங்கள்.

ஊர் திரும்புவதற்குள் யாவோரில் இருக்கும் இன்னொரு சமாதான ஆலயத்துக்குப் போய்விடுங்கள். பக்கம்தான். மூன்றில் குளோகாவ் ஆலயம் 1758இல் எரிந்துவிட்டது, மிச்சம் இருப்பது இந்த இரண்டும்தான். யாவோர் மாடங்களின் முகப்பில் பைபிள் காட்சிகள் நூற்றுக்கு மேல் வரிசையாக இருக்கும். இந்தமுறை தங்கத்தை விட்டுவிட்டு, பேர் எழுதியிருக்கும் இடங்களைப் படமெடுத்து அனுப்புங்கள்.