இரவில் மர்ம ட்ரோன் தெரிந்தால் ஏன் உடனே சுட்டு வீழ்த்துவதில்லை?

2024 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில வானத்தில் தொடங்கிய ‘மர்ம ட்ரோன்’ கூத்தை வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீழ்த்துவது பிறகு, முதலில் அது ட்ரோன்தானா என்று தெரிய வேண்டும். முக்கால்வாசி வேலை அங்கேதான்.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு 5,000க்கு மேல் தகவல்கள் வந்தன. மேற்கொண்டு விசாரிக்கத் தேறியவை சுமார் 100. இருட்டில் கண்ணுக்கு அளவும் தூரமும் பிடிபடாது. அங்குள்ள நியூவார்க் விமான நிலையத்தில் இறங்கும் விமானம் லேண்டிங் லைட்டோடு நம்மை நோக்கி நேராக வந்தால், பல நிமிடம் ஒரே இடத்தில் தொங்குவதுபோல்தான் தெரியும். போதாக்குறைக்கு அந்த டிசம்பரில் சுக்கிரன் மாலையில் தென்மேற்கே பளிச்சென்று இருந்தது. குருவோ இரவு முழுக்க. மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் ட்ரோன்கள் என்று வெளியிட்ட வீடியோவில் இருந்தது ஓரியன் நட்சத்திரக் கூட்டம்! கடையில் விற்கும் ட்ரோனின் பேட்டரி அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி தாங்கும். ‘நாலு மணி நேரமாக அங்கேயே நிற்கிறது’ என்றால் முதல் சந்தேகம் கோள்மீதுதான்.

நீங்கள் பார்த்தால் ஜூம் செய்யாதீர்கள். ஃபோகஸ் தவறி, நட்சத்திரம்கூட ஒளிப்பந்து ஆகிவிடும். போனைச் சுவரில் சாய்த்து, கூரை முனையோ மின்கம்பமோ படத்துக்குள் வரும்படி ஒரு நிமிடமாவது எடுங்கள். சரியான நேரம், நின்ற இடம், பார்த்த திசை, அடிவானத்திலிருந்து உயரம் (நீட்டிய கையின் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி) குறித்துவைத்து, விமானங்களின் பாதையைக் காட்டும் ஃப்ளைட்ரேடார்24இல் அதே நிமிடத்தைப் பின்னோட்டிப் பாருங்கள். திசையும் நேரமும் இல்லாத புகாரை யாராலும் எதனோடும் ஒப்பிட முடியாது.

நிஜமாகவே ட்ரோன் என்றாலும் சுட முடியாது. தவறிய குண்டும் உடைந்த ட்ரோனும் யார் தலையிலாவது விழும். அமெரிக்கச் சட்டத்தில் ட்ரோனும் வானூர்திதான். அதைச் சுடுவது குற்றம். லேசர் அடித்து அது விமானமாக இருந்துவிட்டால் 5 ஆண்டு வரை சிறை. ரேடியோ அலையைக் குழப்பும் ஜாமர் போட்டால் அக்கம்பக்கத்து ஜிபிஎஸ், வைஃபையும் சேர்ந்து படுக்கும். 2024இல் ட்ரோனை முடக்கும் அதிகாரம் சில மத்தியத் துறைகளுக்கு மட்டுமே இருந்தது. உள்ளூர்ப் போலீஸுக்கு இருக்கவில்லை. அவர்கள் தேட ட்ரோன் அனுப்பினால் அதுவே புதுப் புகாராகும். 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையம் முடங்கியபோது, சில காட்சிகள் தங்கள் ட்ரோனாகவே இருந்திருக்கலாம் என்று போலீஸே ஒப்புக்கொண்டது.

ஆகவே புத்திசாலித்தனம் ட்ரோனை விட்டு, ஓட்டுபவரைப் பிடிப்பது. அமெரிக்காவில் பதிவு கட்டாயமான ட்ரோன்கள் (பொழுதுபோக்குக்கு என்றால் 250 கிராமுக்கு மேல்) ரிமோட் ஐடி என்ற அடையாளத் தகவலை ஒலிபரப்ப வேண்டும்: வரிசை எண், இருக்கும் இடம், உயரம், வேகம், ஓட்டுபவர் நிற்கும் இடம் அல்லது கிளம்பிய இடம். இது வைஃபை, புளூடூத் வழியே போவதால் பக்கத்தில் இருந்தால் போன் செயலியிலேயே தெரியும். பெயர் மட்டும் தெரியாது. அதை விமானப் போக்குவரத்து நிர்வாகம்தான் பதிவேட்டில் பார்த்துச் சொல்லும்.

வேண்டுமென்றே வருபவன் ரிமோட் ஐடியை அணைத்துவிடுவான். அப்போது ரிமோட்டின் அலையைத் திசை பிடிக்கும் கருவி வேண்டும். பாதையை முன்கூட்டியே பதித்துவிட்டு ரேடியோ இல்லாமல் பறக்கவிட்டால் அதுவும் பயனில்லை. ரேடாரும் கேமராவும்தான் மிச்சம். சிறிய ரேடாருக்கோ கொக்கும் ட்ரோனும் ஒன்றுபோலத்தான்.