படலம் உரிவதற்குக் காற்றை விட காஸ்டிக் சோடாவைத்தான் சந்தேகிக்கிறேன்

வணக்கம். பீனால் என்ற நச்சுப்பொருள் கலந்த கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டியில், பிளாஸ்டிக் வில்லைகளில் நன்றாகப் பிடித்திருந்த பாக்டீரியாப் படலம் இப்போது கொழகொழத்து உரிகிறது, தொட்டிக்குள் ஊதும் காற்றைக் குறைத்தும் நிற்கவில்லை என்கிறீர்கள். பிஹெச் ஏற்றுவதற்கு காஸ்டிக் சோடாவுக்கு, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடுக்கு, மாறியதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது.

படலத்தின் உலர் எடையில் பெரும்பங்கு பாக்டீரியா அல்ல. அவை சுரக்கும் பாலிசாக்கரைடு, புரதம், செல்லுக்கு வெளியே கிடக்கும் டிஎன்ஏ எல்லாம் பின்னிய பசைதான். இந்த இழைகளில் எதிர்மின்சுமை அதிகம். சும்மா விட்டால் ஒன்றையொன்று தள்ளும். கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் இரட்டை நேர்மின்சுமை இருப்பதால் இரண்டு இழைகளை இழுத்துக் கட்டுகின்றன. சோடியத்துக்கு ஒன்றுதான். அது பெருகினால் கால்சியத்தை வெளியேற்றிவிடும், பசை நீர் குடித்து ஊதி இளகும். வில்லை இல்லாமல் நீரில் மிதக்கும் பாக்டீரியாக் கசடு சரியாக அடியில் படியாமல் போவதிலும் இதே கதைதான். அங்கே சமான எடைக் கணக்கில் (அதாவது ஒவ்வொன்றின் மின்சுமையையும் சேர்த்து எண்ணினால்) சோடியம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைப் போல 2 மடங்கைத் தாண்டினால் தொல்லை ஆரம்பிக்கும் என்று கொள்வார்கள்.

உள்ளே வரும் நீரில் மூன்றையும் அளந்துவிடுங்கள். அப்புறம் இரண்டு பீக்கரில் தொட்டி நீரும் சில வில்லைகளும் போட்டு, ஒன்றில் மட்டும் சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்து, ஒரே வேகத்தில் கலக்குங்கள். கால்சியம் சேர்த்த பீக்கரில் கலங்கல் குறைவாக இருந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடுக்கு மாறுங்கள். சுண்ணாம்பும் வேலை செய்யும், ஆனால் வில்லையில் சுண்ணப் படிவு ஏறும், பாஸ்பேட்டையும் வீழ்படிவாக்கி பாக்டீரியாவைப் பட்டினி போடும்.

கொழகொழப்பு இல்லாமல் தடித்த தகடாகப் பெயர்ந்து வந்தால் விஷயம் வேறு: அடியில் இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டவில்லை.