மலைக்கு ஒரு மழை, கடலுக்கு ஒரு மழை

கேள்வி: அக்கா, என் அப்பாவுக்கு இந்த ஐப்பசியில் எழுபது வயது நிறைகிறது. இளவயதில் உருளைக்கிழங்கு லோடு ஏற்ற கோபியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரியில் போய்வருவார். "விடிஞ்சும் விடியாம ஊட்டி ரயில் கூவும். அதைக் கேட்டுட்டே டீ குடிப்பேன். ஒரு நாள்கூட ஏறுனதில்ல" என்று இன்றைக்கும் சொல்கிறார். அம்மா ராமேஸ்வரம் தவிர வேறு கடல் பார்த்ததில்லை. தீபாவளி லீவில் சனிக்கிழமை காலை மலை ரயிலில் ஏறி, மத்தியானம் அதே ரயிலில் இறங்கி, ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் கொச்சி போய், ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக் கப்பலில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். சரியாக வருமா?
- கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: தம்பி, நான் காரமடைக்காரி. உங்கள் அப்பா சொன்ன அந்தக் கூவலைக் கேட்டு வளர்ந்தவள். அதனால் கட்டாயம் இதைச் செய்யுங்கள். ஆனால் இந்த மாதத்தில் வேண்டாம், இந்த அவசரத்திலும் வேண்டாம்.

மலைக்கு ஒரு மழை, கடலுக்கு ஒரு மழை. ஆனி, ஆடியில் அடிக்கிற தென்மேற்குப் பருவக்காற்றில் கொச்சிக் கடல் கொந்தளிக்கும். சுற்றுலாக் கப்பல்கள் அந்த மாதங்களை விட்டுவிட்டு, மழை ஓய்ந்த பிறகுதான் வரும். கடல் அடங்குகிற ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நம் மலையைப் பிடித்துக்கொள்ளும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து, பாறை உருண்டு தண்டவாளம் அடைபடுவது அந்த மாதங்களில்தான். மலையும் கடலும் சேர்ந்து நமக்கு வழிவிடுவது தை பிறந்து பங்குனி வரைக்கும். அப்பாவின் பிறந்த நாளை வீட்டில் கும்பிட்டுக் கொண்டாடுங்கள். பயணத்தைத் தைக்குத் தள்ளுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஐப்பசியில், மாமியாரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு உங்களைப் போலவே திட்டம் போட்டேன். காலை ஆறு மணிக்கு மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் கொட்டுகிற மழையில் நிற்கிறோம். மேலே பாறை விழுந்திருக்கிறது, இன்றைக்கு வண்டி இல்லை என்றார்கள். மாமியாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி, பஸ்ஸிலாவது ஏறி ஊட்டியைக் காட்டிவிடலாம் என்று போனோம். மறுநாள் இறங்கும்போது பர்லியாறில் மரம் சாய்ந்து நான்கு மணி நேரம் நின்றது. கொச்சி போய்ச் சேர்ந்தபோது கப்பலில் ஏறும் வாயிலை அடைத்துவிட்டார்கள். விளக்குகளோடு கப்பல் நகர்ந்து போவதைக் கரையில் நின்று மூன்று பேரும் பார்த்தோம். ரயில் போனாலும் இன்னொரு நாள் ஏறிக்கொள்ளலாம். கப்பல் போனால் கட்டிய பணமும் போச்சு, அம்மாவின் கடலும் போச்சு.

அதனால் நான்கு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மலை ரயிலில் ஏறி, மேலேயே தங்குங்கள். இரண்டாம் நாள் சாவகாசமாக இறங்கிக் கோயமுத்தூரில் படுங்கள். மூன்றாம் நாள் பகல் ரயிலில் எர்ணாகுளம். நான்காம் நாள் கப்பல். லீவு போதவில்லை என்றால் கோயமுத்தூர் ராத்திரியைக் குறையுங்கள், எர்ணாகுளத்து ராத்திரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ஒரே நாளில் ஏறி இறங்குவது எழுபது வயது முழங்காலுக்கு ஆகாது. ஏற ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை மணி நேரம், அதுவும் நெருக்கமான பெட்டியில். அதற்கு மேல் ராத்திரிக் கார் வேறு! ஏறும் பயணம் மட்டும் போதும். அந்த ரயிலின் உயிரே ஏற்றத்தில்தான் இருக்கிறது. காலை 7.10-க்குப் புறப்படும். கல்லாறு வரை பாக்குத் தோப்புக்குள் சாதாரண ரயில் மாதிரிதான் போகும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை வந்துவிடும். எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம் என்கிற அளவுக்கு அங்கே சரிவு. குன்னூர் வரைக்கும் 1899-லேயே பாதை போட்டுவிட்டார்கள், ஊட்டிக்கு 1908-ல் போனது. 46 கிலோமீட்டரில் 16 குகை, 208 வளைவு, 250 பாலம். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும். அப்பாவை இறக்கி, எஞ்சின் பக்கத்தில் கூட்டிப்போய் நிறுத்துங்கள். அன்றைக்கு மண்டியில் இருந்து கேட்ட மூச்சை அங்கே கையெட்டும் தூரத்தில் கேட்பார். டீயும் அங்கேயே கிடைக்கும். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு விடாது, பார்த்துக்கொள்ளுங்கள். குன்னூருக்கு மேல் டீசல் எஞ்சின்தான்.

டிக்கெட்டுக்கு ஊட்டி என்று தேடாமல் உதகமண்டலம் என்று தேடுங்கள். முன்பதிவு திறக்கிற அன்றைக்கே போட்டுவிடுங்கள், சீட்டு கொஞ்சம்தான். கப்பலுக்கான பெரிய சூட்கேஸ்களை ரயிலில் ஏற்ற வேண்டாம், வைக்க இடமிருக்காது. காரில் வருகிறவர் மேலே கொண்டு வரட்டும். அந்தக் காருக்கு நீலகிரி இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள்.

எர்ணாகுளம் ரயிலைப் பகலில் போகச் சொன்னதற்கும் காரணம் உண்டு. மதுக்கரை தாண்டி வாளையாறு காட்டுக்குள் போகும்போது, நம் பக்கத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் மாறுவது முகத்திலேயே தெரியும். ஒற்றப்பாலம் வந்தால் இடது பக்கம் பாரதப்புழை கூடவே வரும். அம்மாவுக்கு இடது ஜன்னல்.

கப்பல் புறப்படும் நேரம் வேறு, வாயிலை அடைக்கும் நேரம் வேறு. சீட்டில் இரண்டாவதைத் தேடிப் பாருங்கள். அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் கப்பல் சீட்டில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியலால் வருகிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சாயங்காலம் கப்பல் கிளம்பினால் அறைக்குள் உட்கார விடாமல் இருவரையும் மேல்தளத்துக்குக் கூட்டிப்போங்கள். கோட்டைக் கொச்சியின் சீன வலைகளை ஒட்டித்தான் கடலுக்குள் போகும்.

கேள்வி: சியாட்டிலில் இருக்கும் மகள் எங்களை அலாஸ்கா கப்பலுக்குக் கூப்பிடுகிறாள். கப்பல் ஏறுவது வான்கூவரில். அதற்கு முன்னால் நல்ல ரயில் பயணம் ஏதாவது உண்டா?
- அவிநாசி வாசகி

பதில்: உண்டு, அம்மா. ராக்கி மவுன்டனியர் என்ற ரயில் கனடாவின் பான்ஃபிலிருந்து வான்கூவருக்கு இரண்டு நாளில் வரும். பகலில் மட்டும்தான் ஓடும், ராத்திரி காம்லூப்ஸில் ஓட்டலில் படுக்கை. செலவு அதிகம். அவ்வளவு வேண்டாம் என்றால் சியாட்டிலில் இருந்தே ஆம்ட்ராக் ரயிலில் நான்கு மணி நேரத்தில் வான்கூவர் வந்துவிடலாம். வழியில் வெகுதூரம் தண்ணீரை ஒட்டியே வரும். கப்பல் அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில் நின்றால் வொயிட் பாஸ் ரயிலில் ஏறுங்கள். தங்கம் தேடிப் போனவர்களுக்காக 1898-ல் போட ஆரம்பித்து 1900-ல் முடித்த மூன்றடி அகல ரயில் பாதை. நம் குன்னூர்ப் பாதையின் வயதுதான்.

ஆனால் நம் பாஸ்போர்ட்டுக்கு வான்கூவரில் இறங்கக் கனடா விசா தனியாக வேண்டும். கப்பல் திரும்ப அமெரிக்காவுக்குள் நுழைவதால் உங்கள் அமெரிக்க விசாவும் ஒரு தடவைக்கு மேல் நுழைய இடம் தருவதாக இருக்க வேண்டும். முதலில் மகளிடம் அதைப் பேசுங்கள், ரயில் டிக்கெட் அப்புறம்.