சீட்டுக்கு முன்னால் ஒரு பிராக்டிஸ் பேட்

அம்மா,

சனிக்கிழமை வந்தபோது உங்கள் மகளின் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மனம் கோணக்கூடாதே என்று நானும் "பார்க்கலாம், கவலைப்படாதீங்க" என்று பேசி அனுப்பினேன். பள்ளி முடித்த மகளை அடுத்து எதில் சேர்ப்பது என்று இப்போது எழுத்தில் கேட்கிறீர்கள், எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம். பெரியப்பா சொல்கிற நர்சிங்கும் வேண்டாம். உங்கள் மகள் ஆசைப்படுகிற சென்னை டிரம்ஸ் டிப்ளமோவும் வேண்டாம்.

வேலூரில் பிள்ளை பெற்றவர்களுக்கு இரண்டு வாசல்தான் கண்ணில் படும். ஒன்று 1900-இலிருந்து நிற்கிற சி.எம்.சி., இன்னொன்று வி.ஐ.டி. நல்ல இடங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றின் நிழலில் நின்றுகொண்டே, அங்கே இடம் கிடைக்காத பிள்ளையையும் அதே படிப்புக்கு எங்கேயாவது தள்ளிவிடப் பார்க்கிறோம். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பெண்ணை, காசு கொடுத்து, பேர் தெரியாத கல்லூரியில், நான்கு வருடம் கணக்கோடே மல்லுக்கட்ட வைப்பது எந்த ஊர் நியாயம்? நர்சிங்கும் அப்படித்தான். ஊசியைக் கண்டால் முகம் திருப்புகிற பெண் என்று நீங்களே சொன்னீர்கள். அக்கறை இல்லாமல் அந்த வேலைக்குப் போனால் கஷ்டம் நோயாளிக்கும் சேர்த்துத்தான்.

"இவ என்ன சிவமணி ஆகப்போறாளா?" என்று பெரியப்பா கேட்டார். கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளையைப் பார்த்து யாரும் சுந்தர் பிச்சை ஆகப்போகிறாயா என்று கேட்பதில்லை. சம்பளம் வந்தால் போதும் என்கிறோம். டிரம்ஸுக்கும் அதே அளவுகோலை வையுங்கள்.

காசு விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன். ஷூ கம்பெனியில் தைத்து நீங்கள் கொண்டுவருகிற சம்பளம், உங்கள் வீட்டுக்காரர் ஓட்டுகிற ஆட்டோ, மூன்று சென்ட் மனை, இவ்வளவுதான் உங்கள் கையிருப்பு. அந்த மனையை விற்று எந்தச் சீட்டும் வாங்கக்கூடாது. நகையை வைத்து டிப்ளமோ கட்டக்கூடாது. தவணையில் டிரம் செட்டும் கூடாது. இந்த வருடம் டிரம்ஸுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யாதீர்கள். டிரம்ஸுக்குப் பதிலாக அடித்துப் பழக ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேட், 5ஏ என்ற அளவில் ஒரு ஜோடி டிரம்ஸ் குச்சி, ஒரு நோட்டு. சீராகக் கிளிக் சத்தம் கொடுத்து வேகம் காட்டுகிற மெட்ரோனோம் போனிலேயே இலவசமாகக் கிடைக்கும்.

ஏன் இவ்வளவு போதும் என்கிறேன் என்றால், உங்கள் மகளின் கையை அன்று பார்த்தேன். மேசைமேல் இருந்த தடித்த ஃபைலை அவள் பக்கம் தள்ளி இரண்டு பென்சிலைக் கொடுத்தது ஞாபகம் இருக்கும். வேகமாக அடித்துக் காட்டியபோது நன்றாகவே இருந்தது; பெரியப்பாவே நிமிர்ந்து பார்த்தார். மெட்ரோனோமை 60-இல், அதாவது நிமிடத்துக்கு 60 கிளிக்கில் வைத்து, கிளிக்குக்கு நாலு அடி மட்டும் அடி என்றதும் பத்துப் பதினைந்து கிளிக்குள் முந்திவிட்டாள். இடது கை அடி ஒவ்வொன்றும் வலதைவிட மெலிந்து விழுந்தது. கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகிற அளவுக்குப் பென்சிலை இறுக்கியிருந்தாள். மூன்று வருடம் ஞாயிறு ஆராதனையில் வாசித்தவள்தான், தாளம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் இதுவரை அவள் செய்தது வாசிப்பு, பயிற்சி இல்லை. தெரிந்த பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்ததுதான் கெட்டிப்படும். தெரியாதது அப்படியே கிடக்கும்.

நாளுக்கு எத்தனை மணி நேரம் பழக வேண்டும் என்று கேட்டீர்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு ஒரு மணி நேரம், காலையில் அரை, மாலையில் அரை. ஆறு மாதத்துக்குள் ஒன்றரை, அதற்குப் பிறகு இரண்டு. வாரத்தில் ஒரு நாள் குச்சியையே தொடக்கூடாது. பத்தாயிரம் மணி நேரம் அடித்தால் மேதை ஆகிவிடலாம் என்று அவள் எங்கோ வீடியோவில் கேட்டிருக்கிறாள். அந்தக் கணக்குக்கு வேர், உளவியல் ஆய்வாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர்கள் பற்றிய ஆய்வு. அது சிறந்த மாணவர்களின் சராசரி, அவ்வளவுதான். தாண்டினால் பட்டம் கிடைக்கிற கோடு இல்லை. எரிக்சன் அழுத்திச் சொன்னது வேறு: எது வரவில்லையோ அதைக் குறிவைத்து, தவறு உடனே தெரிகிற மாதிரிப் பழக வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தை இப்படிப் பிரிக்கச் சொல்லுங்கள். இந்தப் பகுதியை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் சரி.

முதலில் ஒற்றை அடி. வலது, இடது, வலது, இடது. மெட்ரோனோம் 60, கிளிக்குக்கு நாலு, ஐந்து நிமிடம் நிறுத்தாமல். எதிரே கண்ணாடி இருந்தால் நல்லது. இரண்டு குச்சியும் ஒரே உயரத்துக்கு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிடி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். மற்ற விரல்கள் குச்சியைத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும். அடித்த குச்சி தானே எகிறித் திரும்ப வேண்டும், கை அதைத் தடுக்கக்கூடாது. தோள் மேலே ஏறினால் வேகத்தில் பத்தைக் குறைத்துவிடலாம். அடுத்தது இரட்டை அடி, ஒவ்வொரு கைக்கும் இரண்டிரண்டு. இதில் இரண்டாவது அடி எப்போதும் செத்து விழும். அதைக் கொஞ்சம் ஓங்கியே அடித்துப் பழக வேண்டும். பிறகு பாராடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இந்த அடிப்படை அடிமுறைகளை ருடிமென்ட் என்பார்கள். அமெரிக்காவின் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984-இல் வகுத்த பட்டியலில் 40 இருக்கின்றன. நாற்பதையும் துரத்த வேண்டாம், இந்த வருடத்துக்குப் பத்து போதும். மேலே எழுதிய வரிசைகளையும் கை மாற்றி, எல்லாவற்றையும் இடது கையிலிருந்து தொடங்கட்டும். வலது கைக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை.

வாயும் கூடவே ஓட வேண்டும். கிளிக்குக்கு நாலு என்றால் தகதிமி, மூன்று என்றால் தகிட, ஐந்துக்குத் தகதகிட. சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும். வாய் எங்கே தடுக்குகிறதோ அங்கேதான் கையும் தடுக்கும், சோதித்துப் பாருங்கள். தவில்காரர் வீட்டுப் பிள்ளை தவிலைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிப் பழகும். மேல்நாட்டு டிரம்மர்கள்கூட இன்று மெனக்கெட்டு வந்து, இப்படித் தாளச் சொற்களை வாயால் சொல்கிற நம் கொன்னக்கோலைக் கற்கிறார்கள். நம் பெண் சர்ச்சில் வளர்ந்தவள் என்பதால் அது நமக்கு ஆகாதது என்று நினைத்திருக்கிறாள். தாளத்துக்கு மதம் கிடையாது என்று சொல்லுங்கள்.

வேகம் ஏற்றுவதில் அவசரம் கூடாது. நாலு நாலாகத்தான் ஏற வேண்டும், அதுவும் ஐந்து நிமிடம் சுத்தமாக வந்த பிறகு. நோட்டில் தேதி போட்டு எழுதட்டும்: "72-இல் சுத்தம், 76-இல் இடது கை சறுக்குகிறது." மூன்றாவது மாதத்திலிருந்து மெட்ரோனோமின் உதவியைக் குறைக்க வேண்டும். நாலு எண்ணிக்கைக்கு ஒரு கிளிக் மட்டும் வைத்து, நடுவில் உள்ள மூன்றையும் அவளே மனதில் தாங்க வேண்டும். கிளிக் வரும்போது கையும் சரியாக அங்கே வந்து நின்றால் தாளம் அவளுடையது. முந்தினால் இன்னும் மெட்ரோனோமுடையது.

சர்ச் டிரம் செட்டை வாரத்தில் இரண்டு மாலை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆயர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன், மூன்று வருடம் சும்மா வாசித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த நேரத்தில் பேடில் பழக முடியாததை மட்டும் பழக வேண்டும்: காலும் கையும் சேர்வது, காலால் இயக்குகிற ஜோடித் தட்டான ஹை-ஹாட்டைத் திறந்து மூடுவது, பாடுகிறவர் குரல் அமுங்காமல் மெதுவாக வாசிப்பது. 60, 65 வேகத்தில் ஒரு மெல்லிய பாட்டை ஆடாமல் அசையாமல் கடைசிவரை கொண்டுபோவது பெரிய சோதனை. வேகப்பாட்டு யாருக்கும் வரும். ஒவ்வொரு முறையும் போனில் பதிவு செய்து மறுநாள் கேட்கச் சொல்லுங்கள், அன்றைக்கே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

காது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். மூடிய ஹாலில் டிரம்ஸ் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். மெடிக்கலில் கிடைக்கிற நுரை அடைப்பான் போதும், அது இல்லாமல் செட்டில் உட்காரக்கூடாது. வாசித்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டாலோ, மணிக்கட்டில் வலி, விரலில் மரமரப்பு இருந்தாலோ அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னும் ஒன்று, தினமும் பத்து நிமிடம் டிரம்ஸ் நொட்டேஷன், அதாவது அடிகளைக் காகிதத்தில் குறிக்கிற எழுத்துமுறை, படிக்க வேண்டும். நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் காதால் கேட்டு வாசிக்கிறவர்கள் நிறையப் பேர். காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் சொல்லப்போகிற வாசலுக்கு அந்தக் காகிதம் உதவும்.

கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற மாவட்டம் இது. பெரியப்பாவே பட்டாளத்தில் இருந்து வந்தவர். ஆனால் பட்டாளத்தில் பேண்ட் என்று ஒரு பிரிவு இருப்பதும், அதற்கு ஆள் எடுப்பதும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. தரைப்படையின் இசைக்கலைஞர்களுக்குப் பச்மரியில் தனிப் பயிற்சிப் பிரிவே இருக்கிறது. ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சவுக்கில் அணிவகுத்து வாசிக்கிறார்களே, அவர்கள் எல்லாம் மாதச் சம்பளம் வாங்குகிற வாத்தியக்காரர்கள்தான்.

விமானப்படையில் நான்கு வருடப் பணிக்கு அக்னிவீர்வாயு இசைக்கலைஞர் என்று தனியாக ஆள் எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பெண்களும் போகலாம். வயது பதினேழரைக்கு மேல், 21-க்குள். மணமாகாதவராக இருக்க வேண்டும். கல்யாணப் பேச்சை எடுக்கிற அத்தைக்கு இதையே பதிலாகச் சொல்லிவிடலாம். வாத்தியப் பட்டியலில் டிரம்ஸ் இருக்கிறது. வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது, தாளமும் சுருதியும் பிசகாமல் ஒரு பாட்டை முழுசாகப் பாடிக் காட்டவும் வேண்டும். டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளைகள் பலரும் கோட்டை விடுவது இங்கேதான், நம் பெண்ணை இன்றே சர்ச் கொயரில், தாழ்ந்த பெண் குரலான ஆல்டோ வரிசையில் நிறுத்துங்கள். ஆங்கிலத் தேர்வு உண்டு, மருத்துவப் பரிசோதனை உண்டு, பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் ஓட வேண்டும். 2024-இல் இந்தத் தேர்வு முகாம் நடந்த இடங்களில் பெங்களூரும் ஒன்று, காட்பாடியில் ரயில் ஏறினால் போய்விடலாம். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், அறிவிப்பு வரும்போது வரி விடாமல் படியுங்கள்.

சம்பளம் முதல் வருடம் மாதம் 30,000. அதில் 9,000 பிடித்துக்கொண்டு 21,000 கையில் தருவார்கள். நான்காம் வருடம் 40,000 ஆகும். பிடித்த பணத்தோடு அரசும் அதே அளவு போட்டு, நான்கு வருட முடிவில் சுமார் 10 லட்சம் வரும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் நான்கு வருடம் நீங்கள் கட்டப்போவதை, இங்கே அவள் கையில் வாங்குகிறாள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் முடிந்ததும் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வெளியே வர வேண்டியதுதான், பென்ஷன் கிடையாது. அதனால்தான் பட்டப்படிப்பை விடக்கூடாது என்கிறேன். இந்த வருடமே முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். அல்லது தமிழ், எது கிடைக்கிறதோ அதில் சேர்த்துவிடுங்கள். கட்டணம் உங்களை அசைக்காது, பயிற்சிக்கும் நேரம் மிஞ்சும். பத்தொன்பது, இருபது வயதில் முகாமுக்குப் போகட்டும். எடுத்தால் போகலாம். எடுக்காவிட்டால் கையில் டிகிரியும் பழகிய கையும் இருக்கும். அப்போது லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துகிற டிரம்ஸ் கிரேடு தேர்வு எழுதலாம். ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் பணம் கட்ட வேண்டியதில்லை, தயாராக இருந்தால் நேராக ஆறாம் கிரேடுக்கே உட்காரலாம். பள்ளிகளில் சொல்லித்தருகிற வேலைக்கு அந்தச் சான்றிதழ் உதவும்.

ஆனால் பேண்ட் யோசனையைக் கேட்டவுடன் பெரியப்பா அதையே பிடித்துக்கொண்டு "அப்ப மிலிட்டரிதான்" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. அன்று நீங்கள் வெளியே இருந்தபோது இதைப் பற்றி அவளிடம் லேசாகக் கேட்டேன். "நடந்துக்கிட்டே வாசிக்கணுமா சார்?" என்று சிரித்தாள். அது சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. ஆறு மாதம் போகட்டும். காலையில் ஓடுகிறாளா, நொட்டேஷனில் கை வைக்கிறாளா என்று பாருங்கள், பதில் அதில் தெரியும். சீருடை வேண்டாம் என்று அவள் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள், ஆனால் பேடை எடுத்து ஒளித்து வைக்காதீர்கள்.

பெரியப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தினமும் நடக்கப் போகிறவர்தானே, விடிகாலையில் அவளையும் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் 1.6 கிலோமீட்டருக்கு நேரம் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதமே இணையத்தில் திறந்துவிடும். சாதிச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். இ-சேவை மையத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விடுங்கள்.