வாடகையும் வரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மகன் 2023 செப்டெம்பர்ல டப்ளினுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனவர். படிக்கேக்க ஒரு கடையில கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை, 2025 பெப்ரவரியில இருந்து முழுநேர வேலை, மாதம் 3,000 யூரோ சம்பளம். இன்னும் மூண்டு பெடியளோட சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கினம், இவற்ற பங்கு மாதம் 700. வாடகை கட்டுறவைக்கு வருசம் 1,000 யூரோ திரும்பி வரும் எண்டு அங்க ஆரோ சொல்ல, மூண்டு வருசத்துக்கு 3,000 எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு நிக்கிறார். உண்மையோ? முதல் வருச வாடகையை இவற்ற அப்பாதான் இஞ்ச இருந்து அனுப்பினவர், அவர் அதை இஞ்சத்தே வரியில கழிக்க ஏலுமோ?
– ஒரு அம்மா, கொக்குவில்

பதில்: சலுகை உண்மை அம்மா, கணக்குத்தான் பிழை. அயர்லாந்தில இதுக்கு ரென்ற் ரக்ஸ் கிறெடிட் (வாடகைக்கான வரிக்கழிவு) எண்டு பேர், 2022ஆம் ஆண்டு வாடகையில இருந்து இருக்கு. கட்டின வாடகையில 20 வீதம், ஆனா ஒரு உச்சவரம்பு வச்சிருக்கினம்: தனி ஆளுக்கு 2022, 2023 ரெண்டுக்கும் 500 யூரோ, 2024, 2025க்கு 1,000. அப்ப 2023க்கு 1,000 எண்ட பேச்சே இல்லை.

அதைவிடப் பெரிய விசயம், இது கையில தாற காசில்லை, நீங்கள் கட்டவேண்டிய வருமான வரியில குறைக்கிற காசு, வரியே இல்லாட்டி குறைக்க என்ன இருக்கு? மகன்ர 2024ஐப் பாருங்கோ. அந்த வருசம் அங்க குறைஞ்ச சம்பளம் மணிக்கு 12.70 யூரோ, கிழமைக்கு 20 மணித்தியாலம் வருசம் முழுக்கச் செய்தாலும் 13,208 தான் வரும், அதில 20 வீதம் எண்டா 2,642 யூரோ வரி, ஆனா வேலை செய்யிற தனி ஆள் எல்லாருக்கும் அந்த வருசம் 1,875, 1,875 எண்டு ரெண்டு கிறெடிட் சும்மாவே இருக்கு, கூட்டினா 3,750, வரி அதுக்குள்ளயே கரைஞ்சு போச்சு. 2023லயும் நாலு மாத வேலைதானே, அதே கதை. சம்பளத்தில யுஎஸ்சி (வருமானத்தில எடுக்கிற இன்னொரு வரி), பிஆர்எஸ்ஐ (சமூகக் காப்புறுதிக் காசு) எண்டு ஏதும் வெட்டியிருந்தா அதுவும் இந்தக் கிறெடிட்டால திரும்பாது, இது வருமான வரிக்கு மட்டும்தான்.

2025 தான் உங்கட வருசம். பதினொரு மாதச் சம்பளம் 33,000, வரி 6,600, வழமையான கிறெடிட் 4,000 போக மிச்சம் 2,600. வாடகை வருசத்துக்கு 8,400, அதில 20 வீதம் 1,680, உச்சவரம்பு 1,000, ஆக அந்த 1,000 முழுசா வரும். வீட்டில நாலு பேர் இருக்கினம் எண்டு அதை நாலாப் பிரிக்கிறேல்லை, அவரவர் கட்டின பங்குக்கு அவரவர் கேக்கலாம். டிப்பொசிற் காசை வாடகையோட சேக்கக்கூடாது.

றெவென்யூ எண்ட அங்கத்தே வரித் திணைக்களத்தின்ர தளத்தில, மைஅக்கவுண்ட் எண்ட தன்ர கணக்குக்குள்ள போய், வீட்டு விலாசம், வீட்டுக்காரற்ற பேர், கட்டின தொகை, வாடகைப் பதிவு நம்பர் தெரிஞ்சா அதையும் போட்டா முடிஞ்சுது, வீட்டுக்காரரிட்ட அனுமதி கேக்கத் தேவையில்லை. எங்கட பெடியளுக்கு அங்கதான் கூச்சம், வீட்டுக்காரர் கோவிச்சு எழுப்பிப்போடுவாரோ எண்டு பேசாம இருந்திடுறது. ஒப்பந்தமும் பாங்க் ஸ்டேற்மென்ற்றும் பத்திரமா இருக்கட்டும், பிறகு கேட்டாலும் கேப்பினம். இண்டைக்கே செய்யாட்டியும் பரவாயில்லை, வருசம் முடிஞ்சு நாலு வருசத்துக்குள்ள கேக்கலாம், 2025க்கு 2029 டிசம்பர் 31 மட்டும் நேரம்.

அப்பாவுக்கு ஒண்டும் இல்லை. அங்க அவருக்கு வரி இல்லை, இஞ்ச எங்கட இலங்கைச் சட்டத்தில வாடகை கட்டுறவருக்குச் சலுகையே இல்லை, அது கொக்குவில் வாடகையா இருந்தாலும் டப்ளின் வாடகையா இருந்தாலும்.

கேள்வி: என்ர மகளும் அயர்லாந்தில, தாய்மாமன் குடியிருக்கிற வீட்டில ஒரு அறையில இருக்கிறா, மாதம் 500 யூரோ குடுக்கிறா. அவவுக்கும் இந்த வாடகைச் சலுகை கிடைக்குமோ?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஏலாது. சொந்தக்காரற்ற வீட்டை வாடகைக்கு எடுத்தா அது அங்கத்தே வாடகைச் சபையில பதிஞ்ச குடியிருப்பா இருக்கவேணும், மாமா குடியிருக்கிற வீட்டில ஒரு அறை எண்டா அப்பிடிப் பதியிறதில்லை. அதுவே தாய் தேப்பன் வீடெண்டா பதிஞ்சிருந்தாலும் ஏலாது. மாமாவோட சண்டை பிடிக்கவேண்டாம், அவரில பிழையில்லை.

கேள்வி: நான் ஆசிரியை. திருநெல்வேலியில இருக்கிற வீட்டை கம்பஸ் பிள்ளையளுக்கு மாதம் 60,000 ரூபாவுக்கு விட்டிருக்கிறன். போன வருசம் பெயின்ற் அடிச்சு, கிணத்து மோட்டர் மாத்தி நல்லாக் காசு முடிஞ்சுது. கழிக்கலாமோ?

பதில்: பில்லுகளைத் தூக்கிக்கொண்டு திரியவேணுமெண்டில்லை ரீச்சர். வாடகையில 25 வீதத்தைத் திருத்த வேலைக்கெண்டு சட்டமே கழிச்சு விடுது, நீங்கள் ஒரு சதம் செலவழிக்காட்டியும் அது உண்டு, ஆனா உண்மையாச் செலவழிச்சதைக் கழிக்கக் கேட்டா இந்த 25 வீதம் இல்லை. 25 வீதத்தை எடுத்தா, வருச வாடகை 720,000, கழிவு 180,000, மிச்சம் 540,000. 2025 ஏப்ரலில இருந்து தனிநபர் விலக்கு வருசம் 18 இலட்சம், உங்கட வரிக்குரிய சம்பளம் மாதம் 150,000 எண்டா விலக்கு முழுக்க அதிலயே முடிஞ்சிடும், அப்ப இந்த 540,000க்கு 6 வீதம், 32,400 ரூபா. சம்பளம் அதிலும் குறைவெண்டா மிஞ்சிற விலக்கு வாடகைப் பக்கம் வரும், வரி இன்னும் குறையும். சோலைவரி வேற கணக்கு, அது உள்ளூராட்சி சபைக்கு. ரிட்டேன் நவம்பர் 30க்கு முதல் குடுத்திடுங்கோ.