மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம்

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பைகளில் தக்காளி வைத்தோம். செடி நன்றாக வளர்ந்தும், சித்திரை, வைகாசியில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. நகரத்து வீட்டில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறி முழுவதையும் விளைவிக்க முடியுமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் செடியில் குறையில்லை, பருவம்தான் பொருந்தவில்லை. வெப்பம் 35 டிகிரிக்கு மேல் நாள்தோறும் நீடித்தால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். கோடையில் நம் ஊர் வெயில் அந்த அளவைத் தாண்டுவது வழக்கம். சூடேறிய தளமோ இரவிலும் அனல் வீசும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் நாற்றுவிட்டு, மார்கழி, தைக் குளிர்ச்சியில் பூ பிடிக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்கு வெயில் தாங்கும் வெண்டையும் கொத்தவரையும் போதும். கத்தரி, மிளகாய்க்கு ஆடிப்பட்டமே ஏற்றது.

முழுத் தேவையையும் மாடியிலேயே விளைவிக்கலாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறி எண்ணெயும் உரமும் வருவது குன்றியபோது, கியூபாவின் ஹவானா நகர மக்கள் காலி மனைகளில் பாத்தி கட்டிக் காய்கறி விளைவித்து உணவுத் தட்டுப்பாட்டைப் பெருமளவு சமாளித்தார்கள். ஆனாலும் அந்த நாடு தானியத்தை வெளியிலிருந்து வாங்கவே வேண்டியிருந்தது. நமக்கும் சோற்றுக்கு நெல் தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களில் விளையும் வயல்களிலிருந்துதான் வர வேண்டும். அந்த வயல்களை மனைகளாக்கிவிட்டு மாடித்தோட்டத்தால் ஈடுசெய்துவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

மாடி தாராளமாகத் தருவது கீரை. சிறுகீரையும் தண்டுக்கீரையும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். கீரை பறித்த சில மணி நேரத்திலேயே வாடத் தொடங்குவதால், அடுப்புக்கு அருகில் விளைவதன் பயன் வேறெந்தக் காயையும்விட இதில்தான் மிகுதி.

பாரத்தையும் கவனியுங்கள். நனைந்த மண் ஒரு கன அடிக்கு 45 முதல் 50 கிலோ வரை இருக்கும் என்பதால், பைகளில் வெறும் செம்மண்ணை நிரப்பாமல், ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவும் ஒரு பங்கு மண்புழு உரமும் கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பைகளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்தால், குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ ஊற்றுங்கள். பைகளைத் தூண்களும் உத்திரங்களும் தாங்கும் சுவரோரத்தில், தளத்தில் படாதபடி செங்கல்மேல் வையுங்கள். கோடையில் பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையை மேலே கட்டிவிடுங்கள்.